பதினோராம் கூண்டு

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். டி. கல்லுப்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் படித்தவர் எனினும் பகுதி ஒன்று தமிழை என்னிடம் பயின்றவர். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி. நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஒரு கண்காணிப்பு மென்பொருள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதேனும் பிசகினால் அலாரம் எழுப்பும். நடந்ததையெல்லாம் லாக் எனப்படும் பதிவில் எழுதிவைக்கும். எந்தப் பிசகுக்கு அலாரம் எழவேண்டும், அது யாருக்குச் செல்லவேண்டும், எதை அடக்கிவைக்கலாம், எந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கவேண்டும் என்னும் விதிகளை எழுதுவதே அவர் வேலை.

"ஐயா, அலாரம், லாக் இரண்டுக்கும் நல்ல தமிழ்ச் சொல் சொல்லுங்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அவர் வந்த காரணம் அது மட்டுமன்று என்பது சிறிது நேரத்தில் விளங்கிற்று. ஒரு சர்வரிலிருந்து இரவுதோறும் முந்நூறு, நானூறு எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தனவாம். அத்தனையும் வெற்றுக் கூச்சல். உடன் பணிபுரிவோர் அனைவரும் கேட்டுக்கொண்டதன் பேரில் அவற்றை அடக்கும் விதியொன்றை இவர் எழுதினார். சில மாதங்கள் நிம்மதியாகக் கழிந்தன. பிறகு ஓர் இரவு அந்தச் சர்வர் உண்மையிலேயே செயலிழந்தது. ஓசை எழவில்லை. அமைதியாக இருக்கிறது, எனவே நலமாக இருக்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். விடிந்த பின்னரே வாடிக்கையாளர் ஒருவரின் இரவுக் கணக்குகள் முழுவதும் நின்றுபோனது தெரியவந்தது. விதியை எழுதச் சொன்னவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்று விசாரணை வந்தபோது பழைய பதிவுகள் ஏழே நாளில் தாமாக அழியும்படி அமைந்திருந்தன. மிஞ்சியது விதியின் மேல் இருந்த இவர் பெயர் ஒன்றுதான். அவ்வாண்டு ஊதிய உயர்வு போயிற்று. "நான் செய்தது தவறா ஐயா?" என்று கேட்டார்.

தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. யோசிக்க யோசிக்க, இது வரலாறு விடை சொல்லவேண்டிய கேள்வி என்று பட்டது. அவருக்கு அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டு சொற்கள்

முதலில் சொல்லாராய்ச்சி. அலாரம் என்னும் சொல் இத்தாலிய மொழியில் 'ஆயுதம் ஏந்துக' என்று பொருள்படும் கூவலிலிருந்து பிறந்தது. நாம் அதற்கு வழங்கும் எச்சரிக்கை என்னும் சொல் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் நமக்கும் பொதுவானது. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு. அவர்கள் சொல் வாளை எடு என்கிறது. நம் சொல் கண்ணைத் திற என்கிறது. லாக் என்பதோ வெறும் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த கட்டை அது. அவ்வாறு அளந்ததை எழுதிவைத்த ஏட்டுக்கு அதன் பெயரே நின்றுவிட்டது. நமக்குப் பதிவேடு என்னும் சொல் போதும். ஒன்று விழிக்கச் செய்வது, மற்றொன்று மறவாமல் வைப்பது. காவல் என்னும் தொழில் இவ்விரண்டால் ஆனது.

காவலும் கணக்கும்

சங்க இலக்கியம் கற்றோருக்குத் தினைப்புனக் காவல் புதிதன்று. பரண்மீது அமர்ந்த மகளிர் கையில் தட்டை, குளிர், தழல், கவண் என்று பல கருவிகள் இருந்தன. கிளிக்கு எழுப்பும் ஓசை வேறு, யானை வந்தால் ஊர் எழுப்பும் ஆரவாரம் வேறு. இன்றைய கணினியுலகம் 'தீவிரநிலை' என்று வகுக்கும் பாகுபாட்டின் கரு இதில் உண்டு. மதுரைக்காஞ்சி நள்ளிரவில் மதுரை நகரைச் சுற்றிவந்த ஊர்க்காவலரைக் காட்டுகிறது. மழை பொழியும் இரவிலும் சோர்வின்றித் திரிபவர்கள் அவர்கள். முல்லைப்பாட்டின் பாசறையில் நீர் வட்டிலைப் பார்த்துப் பொழுதறிந்து அரசனுக்கு உரைக்கும் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். காவலுக்குக் காலக்கணக்கு வேண்டும் என்பதை அக்காலமே அறிந்திருந்தது. இந்த நாழிகைக் கணக்கரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் ஓரிடத்தில் அவர்கள் தேவைப்படுவார்கள்.

நம் மதுரையின் மாபெரும் கதையே ஒரு பொய் எச்சரிக்கையின் கதைதான். சிலம்பு களவுபோயிற்று, கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் கூறினான். பாண்டியன் சான்று கேளாமல் ஆணை பிறப்பித்தான். சான்று இருக்கவே செய்தது: சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தால் தெரியும். அந்தச் சோதனை கோவலன் இறந்த பின்னரே நடந்தது. எச்சரிக்கைக்கும் செயலுக்கும் இடையே ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்னும் விதி இல்லாத அரசவை எரிந்த கதையாகவும் சிலப்பதிகாரத்தைப் படிக்கலாம்.

பதிவேட்டுக்கு உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தகுதிகளுள் ஒன்றை நாம் போதிய அளவு எடுத்துப் பேசுவதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாது. அவருடைய உறவினரும் வரமுடியாது. ஏரியைக் காப்பது எவ்வளவு முக்கியமோ, காத்ததற்குக் கணக்கு வைப்பதும் அவ்வளவு முக்கியம் என்று கருதிய சமூகம் அது. அந்த விதியையும் ஏட்டில் எழுதாமல் எளிதில் அழியாத கல்லில் எழுதினார்கள்.

துறைமுகக் கூண்டுகள்

நிற்க. எச்சரிக்கையை எண்ணிட்டு வகைப்படுத்தி, இன்ன எண்ணுக்கு இன்ன பொருள் என்று நாடு முழுமைக்கும் ஒரே விதியாக்கிய முறை நம் கடற்கரைக்கு எப்போது வந்தது? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலியில் நாம் கேட்டு வளர்ந்த செய்தி ஒன்றுண்டு: பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. நம்மில் பலர் கூண்டைக் கண்டதில்லை. எண்ணை மட்டும் அறிவோம். எண் பெரிதானால் அச்சமும் பெரிதாகும்.

1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அடுத்த மாதமே மசூலிப்பட்டினம். இரண்டிலும் பல்லாயிரம் உயிர்கள் மடிந்தன. அதன் விளைவாக 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கிற்று. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியது. தொடக்கத்தில் துறைமுகத்துக்குத் துறைமுகம் குறிகள் வேறுபட்டன. ஓரிடத்தில் அபாயம் என்பது மற்றோரிடத்தில் கவனம் என்றால் கப்பலோட்டி என்ன செய்வான்? 1898 முதல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகையான குறிமுறை நடைமுறைக்கு வந்தது.

வழக்கில் உள்ள பட்டியலில் பதினொரு எண்கள். பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 ஆகியன தொலைவில் கடலில் உருவானவற்றைக் குறிப்பன. 3, 4 ஆகியன துறைமுகத்துக்கே வரக்கூடியதைச் சொல்வன. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். அவ்வளவுடன் பட்டியல் முடிந்திருக்கலாம். பேரபாயத்துக்கு மேல் என்ன இருக்கிறது?

பதினொன்று இருக்கிறது. அதன் பொருள் புயலின் வலிமையைப் பற்றியதன்று. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. வானிலை மோசமாகக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே பதினோராம் எண்ணின் பொருள்.

செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக்கி, அதைப் பேரபாயத்துக்கு அடுத்த எண்ணாக வைத்தார்கள். தந்திக்கம்பி அறுந்த துறைமுகத்தில் அமைதி நிலவும். அந்த அமைதியை நலம் என்று எண்ணிவிடாதே, கூண்டை ஏற்று என்கிறது விதி. இதனினும் நுட்பமான காவல் விதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தனுஷ்கோடியின் இருண்ட கைகாட்டி

அந்த நுட்பம் தண்டவாளத்தில் கைவிட்ட இரவு 1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் எண் பயணி ரயில் நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். தனுஷ்கோடிக்கு அருகில் கைகாட்டி இயங்கவில்லை. ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்து, ஊதல் ஒலித்து, வண்டியை முன்னே செலுத்தினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கடல் அந்த வண்டியைக் கொண்டுபோயிற்று. உயிர் தப்பியவர் எவருமில்லை.

விளக்கணைந்த கைகாட்டியை மிகக் கடுமையான குறியாகவே கொள்ளவேண்டும் என்பது ரயில்வேயின் பழைய அடிப்படை விதி. பதினோராம் கூண்டின் உடன்பிறப்பு அது. விதி இருந்தது. ஆனால் வீசும் காற்றையும் அணைந்த விளக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, நில் என்று சொல்ல அந்த இரவில் ஒரு கருவியும் இல்லை. ஒரு மனிதரின் ஊகத்துக்கு எல்லாம் விடப்பட்டது. இருளில், மழையில், பயணிகளை நடுவழியில் நிறுத்திக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு அமைதி எப்படிப் பொருள்படும் என்பதை நாம் வீட்டில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது.

புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. அதை 46 நாளில் மீட்டெடுத்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் என்பது பலரும் அறிந்த செய்தி. அதனினும் குறைவாகப் பேசப்படுவது, பிற்காலத்தில் அந்தப் பாலத்தில் வைக்கப்பட்ட காற்று வேகமானி. காற்றின் வேகம் வகுத்த எல்லையைத் தாண்டினால் கைகாட்டி தானே சிவப்பாகும். பழைய பாலத்துக்கு அந்த எல்லை மணிக்கு 58 கிலோமீட்டர் என்பர். ஓட்டுநரும் நிலைய அதிகாரியும் ஊகிக்கவேண்டியதில்லை. எண் தாண்டினால் வண்டி நிற்கும். கண்காணிப்பு மென்பொருளில் என் மாணவர் எழுதும் விதியும் இதே இலக்கணத்தில் அமைந்ததுதான்: இன்ன அளவு இன்ன எல்லையைத் தாண்டினால் இன்னது செய்.

ஓசைப் பெருக்கு

எல்லை வகுத்துவிட்டால் போதுமா? கருவிகள் பெருகிய காலத்தில் நோய் வேறு வடிவம் கொண்டது. 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, தொடக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருசேர எழுந்தன. எது முதன்மை, எது அதன் விளைவு என்று பிரித்தறிய வழியில்லை. எச்சரிக்கைகளை அச்சிட்டுப் பதிவாக்கும் இயந்திரம் வெள்ளம்போல் வந்தவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியது. அதாவது பதிவேடு பழைய கதையை எழுதிக்கொண்டிருந்தபோது உலை புதிய கதையில் இருந்தது. எச்சரிக்கைப் பலகையையே பிடுங்கி எறிந்துவிடத் தோன்றிற்று என்று பணியாளர் ஒருவர் விசாரணையில் கூறினார்.

1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டில் மில்ஃபோர்டு ஹேவன் பகுதி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. வெடிப்புக்கு முந்தைய சுமார் பதினொரு நிமிடங்களில் இரண்டே பணியாளர்கள் முன் 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. அவற்றுள் மிகப் பல உயர்முதன்மை பெற்றவை. எல்லாமே முதன்மை என்றால் எதுவும் முதன்மையன்று. இவ்விபத்துக்குப் பின் 1999இல் பிரிட்டனில் வெளிவந்த வழிகாட்டி நூல், வழக்கமான நேரத்தில் ஒரு பணியாளருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கைக்கு மேல் வராதபடி பார்த்துக்கொள்வது நலம் என்று அளவு வகுத்தது. மனிதனின் செவிக்கும் மனத்துக்கும் கொள்ளளவு உண்டு என்பதைத் தொழிலுலகம் எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது.

கணினியுலகமும் இதே காலத்தில் தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டது. 1980களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் என்னும் பதிவுமுறை ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளைத் தந்தது. 0 என்றால் முழு அமைப்பே முடங்கிற்று; 7 என்றால் நிரலாளர் பிழைதேடுவதற்கான சில்லறைக் குறிப்பு. துறைமுகத்தில் எண் ஏற ஏற அபாயம். இங்கே எண் இறங்க இறங்க அபாயம். 1999இல் தோன்றி, பின்னர் நாகியோஸ் என்று பெயர்பெற்ற மென்பொருள் மேலும் சில விதிகளைப் பரவலாக்கிற்று. ஒருமுறை பிசகியவுடன் அலறாதே, சிலமுறை சோதித்துவிட்டுச் சொல். மாறிமாறி விழுந்து எழுந்துகொண்டிருப்பதைத் தனியாகக் குறி. ஒவ்வோர் அசைவுக்கும் கூவாதே. பொற்கொல்லன் சொன்னவுடன் வாளை உருவாதே என்பதன் கணினி வடிவம் இது. எனவே வெற்றுக் கூச்சலை அடக்கியது தவறன்று. சிட்டுக்குருவிக்கெல்லாம் ஊரைக் கூட்டினால் யானை வரும் நாளில் ஊர் எழாது.

ஓசை அற்றபோது

அப்படியானால் தவறு எங்கே? 2003 ஆகஸ்டு 14, அமெரிக்காவின் ஒகையோ மாநிலம். மின்வினியோக நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை எழுப்பும் மென்பொருள் பிற்பகல் 2.14 மணிக்குச் செயலிழந்தது. நிரலில் மறைந்திருந்த ஒரு பிழை காரணம். அலாரம் ஓசை அறிவிப்பேதுமின்றி நின்றது. திரையில் பழைய எச்சரிக்கைகள் அப்படியே இருந்தன, புதியவை வரவில்லை. பணியாளர்கள் இன்று அமைதியான பிற்பகல் என்று எண்ணிக்கொண்டிருந்தனர். வெளியே உயர் அழுத்தக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களைத் தொட்டு அறுபட்டுக்கொண்டிருந்தன. பிற நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோதும் தங்கள் திரையில் ஒன்றும் தெரியாததால் இவர்கள் எளிதில் நம்பவில்லை. சர்வர் நின்றது கணினிப் பிரிவினருக்குத் தானியங்கிச் செய்தியாகச் சென்றிருந்தது. அவர்கள் அதை மீண்டும் இயக்கவும் செய்தார்கள். ஆனால் அலாரம் திரும்ப வேலை செய்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையினரைக் கேட்கவில்லை. மாலை 4.10 அளவில் அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒண்டாரியோவும் இருளில் மூழ்கின. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 5 கோடி.

நூறாண்டுக்கு மேல் பழமை வாய்ந்த துறைமுக மரபில் இருந்த பதினோராம் கூண்டு, அத்தனை நவீனமான அந்த அறையில் இல்லை. நான் உயிரோடிருக்கிறேன் என்று காவலன் இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். அது நின்றால் அதுவே அலாரம். கணினியாளர் இதை 'இதயத்துடிப்பு' என்று அழைக்கிறார்கள் என்று மாணவர் சொன்னார். அவர் எழுதிய விதி கூச்சலை அடக்கியது, சரி. கூச்சலோடு சேர்த்து இதயத்துடிப்பையும் அடக்கிவிட்டது என்பதே பிழை.

விசாரணையில் மற்றொரு இடர். பல நிலையங்களின் பதிவேடுகளில் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. எது முதலில் அறுந்தது என்று அறிய ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை நேரம் திருத்தி வரிசைப்படுத்தவேண்டியிருந்தது. முல்லைப்பாட்டின் நாழிகைக் கணக்கர் இங்கே வருகின்றனர். பாசறைக்கு ஒரே நீர்வட்டில் வேண்டும். ஆளுக்கொரு வட்டில் வைத்தால் எவன் எப்போது உறங்கினான் என்று எப்படிச் சொல்வது?

யாரிடம் சொல்வது

எச்சரிக்கை எழுந்தும் பயனின்றிப் போன நாள் நம் கரையில் 2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.28. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி மையம் கால் மணி நேரத்தில் அறிக்கை வெளியிட்டது. ஆனால் அதன் விதிகளும் முகவரிப் பட்டியலும் பசிபிக் நாடுகளுக்கானவை. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் வீணாயிற்று. தில்லியில் அனுப்பப்பட்ட தொலைநகல் ஒன்று முன்னாள் அமைச்சரின் முகவரிக்குச் சென்றதாக அப்போது செய்தித்தாள்கள் எழுதின. ஆட்சி மாறி ஏழு மாதமாகியும் பட்டியல் மாறவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல்.

அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊர் தப்பியது. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில், மீனவர்க்குக் கடல் நிலவரம் சொல்லும் ஒலிபெருக்கி இருந்தது. அதன்வழி ஊர் எழுந்து விலகிற்று. நாள்தோறும் பயன்பட்ட ஒலிபெருக்கி என்பதால் அது வேலை செய்தது. நாள்தோறும் கேட்ட குரல் என்பதால் மக்கள் நம்பினர். கோடிக்கணக்கில் செலவிட்டு அமைக்கும் எந்த முறைக்கும் இந்த இரண்டு பண்புகள் வேண்டும்.

பின்னர் 2007இல் ஐதராபாத்தில் இந்தியாவுக்கென்று சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை எழுந்தது. கடல்மட்டக் கருவிகளின் அளவுகளைப் பார்த்தபின் திரும்பப் பெறப்பட்டது. எழுப்புவதற்கு விதி இருப்பதுபோல் அடக்குவதற்கும் சான்றோடு கூடிய விதி இருந்தது.

அழியும் ஏடுகள்

இனி மாணவரின் மனத்தில் மிகவும் உறுத்திய செய்தி: ஏழு நாளில் அழிந்த பதிவு. இடம் போதவில்லை என்பதே காரணம் என்றார். தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் காரணம் நெஞ்சைச் சுடும். எங்கள் ஊர்ச் சாலையில் தெற்கே சென்று இராஜபாளையத்தையும் தாண்டினால் கரிவலம்வந்தநல்லூர் வரும். அங்குள்ள கோயிலில் ஏடு தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு நொந்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அங்கும் விதிப்படியே அழித்தார்கள். அழிக்கும் முன் இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்னும் விதி மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க இயலாது என்பது உண்மையே. எனவே எதை எவ்வளவு காலம் என்பதைச் சட்டம் சொல்லவேண்டியதாயிற்று. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் காக்கவேண்டும் என்றது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், கடிகாரங்களை அரசு வகுத்த பொது நேரத்தோடு ஒத்திசைக்கவேண்டும் என்றும் கூறிற்று. ஏரி வாரியமும் நாழிகைக் கணக்கரும் ஓர் ஆணையில் சேர்ந்து வந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. பொருளியல் அறிஞராக அவரை உலகம் அறியும். அவர் இலண்டனில் பயின்ற கணக்காயர். 1934இல் பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதியின் கணக்குகளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. விதியை மீறி எவருக்கும், காந்தியடிகளுடன் வந்தவர்களுக்கும்கூட, அவர் செலவு அனுமதிக்கவில்லை என்பர். பேரிடர் நேரத்தில் கணக்கு எதற்கு என்று கேட்போருக்கு, பேரிடர் நேரத்தில்தான் கணக்கு வேண்டும் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய விடை.

மாணவருக்குச் சொன்னது

ஆகவே அவரிடம் இவ்வாறு சொன்னேன். "நீ கூச்சலை அடக்கியது தவறில்லை தம்பி. அடக்கியதற்கு ஒரு முடிவுநாள் குறிக்காமல் விட்டது தவறு. யார் கேட்டார், ஏன் அடக்கினோம் என்று விதியின் அருகிலேயே எழுதாதது தவறு. மௌனத்துக்கு ஒரு கூண்டு வைக்காதது பெருந்தவறு. ஆனால் இம்மூன்றும் உன் ஒருவனுடைய தவறு அல்ல. உத்திரமேரூரில் ஏரியை ஒற்றை ஆளிடம் விடவில்லை, வாரியத்திடம் விட்டார்கள். விதியை எல்லோரும் கேட்டுப் பெற்றுவிட்டுப் பழியை ஒருவன் தலையில் வைக்கும் இடத்தில் அடுத்த விபத்துக்கு விதை போட்டாகிவிட்டது."

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவராம். ஐப்பசி அடைமழையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் இரவுகளில் கரையின் இரு கோடியிலும் இருவர் காவல் நிற்பார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, மழையும் இருட்டும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர் பதில் குரல் கொடுப்பார். அக்குரலில் செய்தி ஏதுமில்லை, வெறும் ஓசைதான்.

"பதில் வரலேன்னா தாத்தா என்ன செய்வாராம்?" என்று கேட்டேன்.

"உடனே அந்தக் கோடிக்கு ஓடுவாராம் ஐயா. ஓடுறதுக்கு முன்னாடி ஊருக்குத் தமுக்கு அடிக்கச் சொல்லிட்டு."

பதினோராம் கூண்டு அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அவர் அதைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார். நானோ கல்கத்தா, ஒகையோ என்று சுற்றிவிட்டு அவர் ஊர்க் கண்மாய்க் கரைக்கே திரும்பியிருக்கிறேன். அன்பர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காவல் விதிகள் பல இன்னும் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டுக்கு ஆயுள் 180 நாளினும் சற்றுக் கூடுதல், அவ்வளவே.